பூஞ்சைவேரும் புளிரச மண்ணும்: திருப்புறப் பகுதிப் பயறுகளை முன்னிட்டுச் சில கலைச்சொற்கள்

1. களம்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை நகருக்கும் பூவாற்றுக் கடற்கரைக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில் அமைந்த ஊர் திருப்புறம். இதற்குக் கிழக்கே பாறசாலையும் அதனை அடுத்து எல்லையூரான களியக்காவிளையும் உள்ளன. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, அவற்றை ஒட்டிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆட்சிமொழி எல்லையின் இருபுறமும் வேறாயிற்று. மண்ணும் பயிரும் உழவரின் பேச்சில் வழங்கும் நிலப்பெயர்களும் பெரும்பாலும் முன்போலவே தொடர்ந்தன.

இந்நிலையில் மண்ணைப் பற்றிய அறிவியற் செய்தி இவ்வூர்த் தமிழரிடம் இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது. மண்ணாய்வு அறிக்கை கேரள வேளாண் துறையின் மலையாளத்தில் வருகிறது. உயிர் உரப்பையின் மேலுள்ள குறிப்பும் சாகுபடிக் கையேடும் தமிழ்நாட்டின் வேளாண் தமிழில் வரக்கூடும். இரண்டையும் சேர்த்துப் படிப்பவர் ஒரே பயற்றுச் செடியின் வேரைப் பற்றி ஒன்றுக்கொன்று பொருந்தாத இரு செய்திகளைப் பெற நேர்கிறது. இப்பொருத்தமின்மைக்கு அறிவியலில் ஏதும் பிழையில்லை. சொற்கள் வேறுவேறு மண்ணில் உருவானவை என்பதே காரணமாகும். பயற்று வேர்களில் வாழும் பூஞ்சைகளை மண்ணின் நிலை எவ்வாறு பாதிக்கிறது என்பதையும், அதனைச் சொல்ல முற்படும் தமிழ்ச் சொற்கள் எங்கே பொருந்துகின்றன, எங்கே வழுவுகின்றன என்பதையும் இக்கட்டுரை இணைத்து விளக்க முற்படுகிறது.

இப்பகுதி மண்ணின் பெயரிலிருந்தே தொடங்கலாம். மேட்டு நிலங்களில் இருப்பது, பெரும்பாலும், வெட்டுகல் சிதைந்து உண்டான செம்மண்ணும் சரலும். கேரளத்தில் செவ்வண்டல் மண் எனத் தனித்துக் குறிக்கப்படும் வகை பெரிதும் திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்பகுதியிலேயே காணப்படுகிறது. வெட்டுகல்லுக்கு உலகம் முழுவதும் வழங்கும் 'லேட்டரைட்' என்னும் பெயரை இட்டவர் பிரான்சிஸ் புக்கானன். மலபாரில் அங்காடிப்புறத்தில் கண்ட கல்லை 1807-இல் வெளிவந்த தம் பயண நூலில் அவர் அவ்வாறு குறித்தார். இலத்தீனில் 'லேட்டர்' என்பது செங்கல். மண்ணிலிருந்து வெட்டி எடுத்தபின் காற்றில் இறுகிச் செங்கல்லைப் போலப் பயன்படும் இக்கல்லை நாட்டார் 'இட்டிகைக்கல்' என்ற பொருளில் வழங்கினர் என்பதை அவரே பதிவு செய்துள்ளார். எனவே 'லேட்டரைட்' என்பது நம் நாட்டுச் சொல்லின் இலத்தீன் மொழிபெயர்ப்பேயாகும். அதனை மீண்டும் ஒலிபெயர்த்துத் தமிழில் வழங்குவோர் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நன்று. செம்பூராங்கல், வெட்டுகல் என வட்டாரந்தோறும் சொற்கள் இருக்கவே இருக்கின்றன.

2. பூஞ்சைவேர்: தலைச்சொல் எது?

1885-இல் ஜெர்மானியத் தாவரவியலார் ஏ. பி. ஃப்ராங்க், மரவேர்களும் பூஞ்சை இழைகளும் ஒன்றாகப் பின்னி ஒரே உறுப்பாக இயங்குவதைக் கண்டு 'மைக்கோரைசா' என்னும் சொல்லை ஆக்கினார். நிலத்தடியில் விளையும் விலைமிக்க உணவுக் காளானைப் பயிரிடும் வழி காணுமாறு பிரஷ்ய அரசு இட்ட பணியே அவரை இவ்வாய்வுக்கு இட்டுச் சென்றது. காளானைப் பயிரிடும் வழி அன்று அவருக்குக் கிட்டவில்லை, கிட்டியது இச்சொல்.

கிரேக்கத்தில் 'மைக்கேஸ்' பூஞ்சை, 'ரைசா' வேர். இத்தொகைச் சொல்லின் தலைச்சொல் பின்னே நிற்கும் 'வேர்' என்பதேயாகும். தமிழ்த் தொகைகளிலும் தலைச்சொல் பின்னே நிற்பதே பெருவழக்கு. ஆதலின் நேரான தமிழாக்கம் 'பூஞ்சைவேர்' என்பதாகும். ஆயினும் நடைமுறையில் 'வேர்ப்பூஞ்சை', 'வேர்ப்பூசணம்', 'வேர் உட்பூசணம்' என்பனவே பரவியுள்ளன. இவற்றில் தலைச்சொல் பூஞ்சையாகிவிட்டது. வேரும் பூஞ்சையும் சேர்ந்த உறுப்பைக் குறிக்க வேண்டிய சொல், வேரில் உள்ள ஒரு பூஞ்சையைக் குறிப்பதாகத் திரிந்தது. இது சிறு வேறுபாடு போலத் தோன்றலாம். ஆனால் 'பூஞ்சைவேரின் வளர்ச்சியை மண் தடுக்கிறது' என்னும்போது தடுக்கப்படுவது உறவு. 'வேர்ப்பூஞ்சையின் வளர்ச்சியை மண் தடுக்கிறது' என்னும்போது தடுக்கப்படுவது ஓர் உயிர். பின்னே காணவிருப்பதுபோல், திருப்புறத்துப் புரையிடங்களில் நிகழ்வது முன்னதேயாகும். பூஞ்சை மண்ணில் இருக்கிறது; வேர்தான் அதனுடன் சேர மறுக்கிறது.

பயறு வகைகளில் பெரும்பாலானவற்றின் வேரில் அமைவது, பூஞ்சை இழை வேரின் உயிரணுச் சுவரைத் துளைத்து உட்சென்று, அங்கே குறுமரம் போல் நுண்ணிதாகக் கிளைக்கும் வகையாகும். இக்கிளைப்பைச் 'சிறுமரம்' என்னும் பொருள்பட 'ஆர்பஸ்கியூல்' என்பர். சில இனங்கள் கொழுப்பைச் சேமிக்கும் நுண்பைகளையும் வேருக்குள் உண்டாக்குகின்றன. இவ்விரு உறுப்புகளின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தே 'வேம்' அல்லது 'வாம்' என்னும் சுருக்கப் பெயர் எழுந்தது. நுண்பையை உண்டாக்காத இனங்களும் இவ்வகையில் உள்ளன என்பதால் ஆய்வுலகம் அவ்வெழுத்தைக் கைவிட்டுவிட்டது. உரப்பைகளிலும் கையேடுகளிலும் அது தொடர்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வழக்கான 'வேர் உட்பூசணம்' நுண்பையைப் பெயரில் ஏற்றவில்லை. ஆகவே இம்மாற்றத்தால் அதற்குக் குறையொன்றும் நேரவில்லை. ஆயினும் அதிலுள்ள 'உள்' என்பது பயனை மறைக்கிறது. பயிருக்கு உதவும் பணி வேருக்கு வெளியே, மண்ணில் பரந்த இழைவலையில் நடைபெறுகிறது.

அப்பணியைச் சுருக்கமாகக் கூறலாம். மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸ் மண்ணில் மிக மெதுவாகவே நகரும். வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்கு உள்ளதை உறிஞ்சியபின் அவ்விடம் வறண்டு போகிறது. 2 முதல் 10 மைக்ரோமீட்டர் வரை தடிப்புள்ள பூஞ்சை இழை, வேர்த்தூவியும் நுழைய இயலாத மண்துளைகளில் நுழைந்து, சில சென்டிமீட்டர் தொலைவிலிருந்தும் மணிச்சத்தைக் கொணர்கிறது. கைம்மாறாகச் செடி தான் ஒளிச்சேர்க்கையால் ஆக்கிய சர்க்கரையையும் கொழுப்பையும் தருகிறது. கொழுப்பும் செடியிடமிருந்தே செல்கிறது என்பது 2017-இல் வெளியான ஆய்வுகளால் உறுதிப்பட்டது. இப்பூஞ்சை உயிருள்ள வேரை விட்டுத் தனித்து வாழ இயலாதது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆய்வுக்கூடக் குடுவையில் தனியே பெருக்க இயலாமையால், மக்காச்சோளம் போன்ற செடியின் வேரில் வளர்த்து, வேர்த்துண்டும் வித்துகளும் வெர்மிகுலைட்டும் கலந்த கலவையாகவே உழவருக்கு வழங்குகின்றனர்.

'மண்ணில் இறுகிய மணிச்சத்தைக் கரைத்துத் தருவது' என இப்பூஞ்சையை விளக்கும் துண்டறிக்கை மொழி திருத்தத்திற்குரியது. கரைத்தல் பாஸ்போபாக்டீரியாவின் பணியாகக் கூறப்படுவது. பூஞ்சை இழை செய்வது பெரும்பாலும் தொலைவில் உள்ளதைத் திரட்டிக் கொணர்தலே. 'கரைக்கும்', 'திரட்டும்' என்னும் இரு வினைகளை மாற்றி வழங்குவதால், இரண்டு உயிர் உரங்களும் ஒன்றே என உழவர் கருதி ஒன்றை விடுவதுண்டு.

பயற்றுச் செடிக்கு இவ்வுதவி பிற செடிகளினும் மிகுதியாகத் தேவைப்படுகிறது. வேர்முண்டில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள ஒரு நைட்ரஜன் மூலக்கூற்றை மாற்றுவதற்கு 16 ஏடிபி மூலக்கூறுகள் செலவாகின்றன. ஏடிபி என்பதே பாஸ்பரஸ் தாங்கிய ஆற்றல் நாணயம். எனவே மணிச்சத்துக் குறைந்த மண்ணில் வேர்முண்டுகள் சிறுத்துத் தழைச்சத்தும் குறைகிறது. செடி, பாக்டீரியா, பூஞ்சை என மூன்றும் சேர்ந்த கூட்டு இது. இதற்கொரு விலக்கும் உண்டு. பயற்றுக் குடும்பத்தைச் சேர்ந்த லூபின் இப்பூஞ்சையோடு சேர்வதில்லை. திருப்புறத்தில் அது பயிரிடப்படுவதில்லை; ஆயினும் 'எல்லாப் பயறுகளும்' என எழுதும் மொழிபெயர்ப்பாளர் நினைவிற் கொள்ளத்தக்கது.

3. ஏலா, விளை, புரையிடம்

மண்ணியல் நூல்கள் மண்ணை வகைப்படுத்தும் முறையில் நின்று இப்பகுதியின் பூஞ்சைவேர்களை விளக்குவதினும், உழவர் பேச்சில் வழங்கும் மூன்று நிலச்சொற்களைக் கொண்டு விளக்குவது எளிதாக உள்ளது. ஏலா என்பது தாழ்வான நெல்வயற் பரப்பு. விளை என்பது மேட்டுத் தோட்டநிலம். கன்னியாகுமரி மாவட்டத்திலும் நெய்யாற்றின்கரை வட்டத்திலும் ஊர்ப்பெயர்களின் ஈறாக இது மிகுதியும் வருகிறது. புரையிடம் என்பது வீட்டைச் சுற்றிய மனைத்தோட்டம். இம்மூன்றும் எல்லையின் இருபுறமும் இரு மொழியினருக்கும் பொதுவாக வழங்கும் சொற்கள். இவை நிலத்தின் அமைவிடத்தை மட்டுமன்றி, அதன்மேல் நிகழும் மனித வினையையும் சுட்டுகின்றன. பூஞ்சைக்கு அவ்வினையே முதன்மையானது.

ஏலாவில் சேறடித்து நீர்தேக்கி நெல் நடுகின்றனர். இப்பூஞ்சைகள் காற்றை நாடுவன. நீர் தேங்கிய மண்ணில் காற்று அற்றுப்போவதால் இழைவலை சுருங்குகிறது. வித்துகள் ஒருவாறு பிழைத்திருப்பினும் எண்ணிக்கை குறைகிறது. சேறடித்தல் எஞ்சிய வலையையும் அறுத்துவிடுகிறது. நெல் அறுத்தபின் கோடையில் அங்கே விதைக்கும் பயறு, பூஞ்சை அருகிய மண்ணில் முளைக்கிறது. முளைத்து இரண்டு மூன்று வாரங்களுக்குள் வேர் பூஞ்சையைச் சந்திக்காவிடில், குறுகிய வயதுடைய பயற்றுக்குப் பின்னர்ச் சந்திப்பதால் பெரும்பயன் இல்லை. உயிர் உரமாக இடப்படும் பூஞ்சைக்குத் தகுந்த இடம் என எதையேனும் சுட்ட வேண்டுமாயின் அது கோடைப் பயறு விதைக்கும் ஏலாவே எனலாம். நெல்லைக் கைவிட்டு வாழைக்கு மாறிய ஏலாக்களின் நிலை வேறு.

விளையில் மரச்சீனி முதன்மைப் பயிர். தடித்த, தூவி குறைந்த வேர்களை உடைய மரச்சீனி இப்பூஞ்சையைப் பெரிதும் சார்ந்து வாழ்வது என்பது தென்னமெரிக்காவிலும் பிற இடங்களிலும் நடந்த ஆய்வுகளால் நன்கு நிறுவப்பட்டதாகும். எனவே மரச்சீனி நின்ற மண்ணில் பூஞ்சை வளம் குறைவதில்லை. ஊடுபயிராக இடும் வன்பயறு முளைத்தவுடன் அவ்வலையிலேயே இணைந்துகொள்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர் ஆய்வு நிறுவனம் மரச்சீனிக்கு இடையே பயறு விதைக்குமாறு நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வருகிறது. அப்பரிந்துரைக்குத் தழைச்சத்தே முதற்காரணமாகச் சொல்லப்படினும், நிலத்தடியில் இவ்வுறவும் நிகழ்கிறது. விளையில் பூஞ்சைக்கு நேரும் இடர் மண்ணரிப்பும் ஆழக் கொத்துதலுமாகும். மேல்மண் கழுவப்பட்டுச் சரல் மட்டும் எஞ்சிய சரிவுகளில் வித்துகளும் மண்ணோடு போய்விடுகின்றன. கோடையில் தரிசாக விட்ட நிலத்திலும் அவை குறைகின்றன. தீயிட்ட நிலத்தின் மேற்பரப்பிலும் அப்படியே.

புரையிடந்தான் சிக்கலானது. தென்னை, வாழை, மிளகு, கீரை, பந்தலில் ஏறிய பயற்றுக்கொடி என அடர்ந்த இத்தோட்டத்தில் அடுப்புச் சாம்பல், சாணம், மீன்கழிவு, கடை உரம் ஆகிய அனைத்தும் ஆண்டுக்கணக்கில் சேர்கின்றன. பாடநூல்கள், வெட்டுகல் மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பற்றிப் பிடித்துக்கொள்வதால் அது பயிருக்குக் கிட்டாது என்று கூறுகின்றன. இயற்கை நிலையில் இது உண்மை. ஆயினும் 2010-களின் தொடக்கத்தில் கேரள மாநிலத் திட்டக்குழுவின் முன்முயற்சியில் மாநிலம் முழுவதும் நடைபெற்ற மண்வள மதிப்பீடு எதிர்பாராத ஒன்றைக் காட்டியது. மண் பரவலாகப் புளித்திருக்கிறது. மக்னீசியமும் போரானும் குறைந்திருக்கின்றன. மணிச்சத்தோ பெரும்பாலான மாதிரிகளில் தேவைக்கு மிகுந்திருக்கிறது. பல்லாண்டுகள் இட்ட உரம் இறுகியும் எஞ்சியும் சேர்ந்ததன் விளைவு இது.

மணிச்சத்து மிகுந்த மண்ணில் செடியின் நடத்தை மாறுகிறது. குறைவுற்ற செடியின் வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்னும் பொருளைக் கசியவிட்டுப் பூஞ்சையை அழைக்கிறது. பூஞ்சை இழையைக் கிளைக்கச் செய்வது இப்பொருளே என்பது 2005-இல் கண்டறியப்பட்டது. தேவை நிறைந்த செடி இவ்வழைப்பைக் குறைத்துவிடுகிறது. மீறி உள்ளே வந்த பூஞ்சைக்கும் சிறுமரக் கிளைப்பு குறைகிறது. அந்நிலையில் பூஞ்சையைப் பேணுவது செடிக்குச் செலவாகவும் ஆகலாம்; செடி ஆக்கும் கரிமத்தில் 4 முதல் 20 விழுக்காடு வரை பூஞ்சைக்குச் செல்லக்கூடும் என்பர். புரையிடத்துப் பயற்றுக்கொடிக்குப் பூஞ்சை உரம் வாங்கி இட்டவர் பயன் காணாமைக்குப் போலி உரமே காரணம் எனக் கொள்ள வேண்டுவதில்லை.

புளிப்பின் விளைவு இவற்றோடு பின்னிக் கிடக்கிறது. கார அமில நிலை 5.5-க்குக் கீழே செல்லச் செல்ல அலுமினியம் கரைந்து வேர்நுனிகளைத் தாக்குகிறது. வேர்முண்டு பாக்டீரியாக்களுக்கு இது பெருந்தடை. முண்டில் நைட்ரஜனை மாற்றும் நொதிக்கு வேண்டிய மாலிப்டினமும் புளித்த மண்ணில் கிட்டுவது அரிது. பூஞ்சைகளில் ஒரு பகுதி இதனைத் தாங்குகிறது. அக்காலோஸ்போரா பேரினத்தைச் சேர்ந்தவை வெப்பமண்டலப் புளி மண்களில் மிகுதியாகக் காணப்படுகின்றன. ஆகவே புளித்த மண்ணில் 'பூஞ்சை அழியும்' என்பது துல்லியமன்று. பூஞ்சைகளின் இனக்கூட்டு மாறும் என்பதே சரி. கூட்டாளிகள் மூவருள் முதலில் தளர்வது பாக்டீரியா.

4. மண்ணாய்வு அறிக்கையின் சொற்கள்

தமிழ் மரபில் கேடுற்ற மண்ணுக்குக் களர், உவர் என்னும் சொற்கள் தொன்மையானவை. இரண்டும் உப்பும் காரமும் மிகுந்த மண்ணைச் சுட்டுவன. தமிழக வறள்நிலங்களின் பட்டறிவில் எழுந்தவை. புளித்த மண்ணுக்கு அத்தகைய தொல்சொல் தமிழ் எழுத்து வழக்கில் நிலைபெறவில்லை. 'அமில மண்', 'அமிலத்தன்மை' என்னும் ஆக்கச்சொற்களே வழங்குகின்றன. மழை ஓயாது கழுவும் கேரளத்திலோ புளிப்பே மண்ணின் இயல்பு. அங்கே 'புளிரசம்' என்னும் சொல் அறிக்கையிலும் உழவர் வாயிலும் ஒருங்கே வழங்குகிறது. புளி, இரசம் ஆகிய இரண்டும் தமிழர்க்கு அயலல்ல. திருப்புறத்துத் தமிழருக்காக எழுதும் கையேட்டில் 'அமிலத்தன்மை'க்குப் பகரமாகப் 'புளிரசம்' என்று எழுதினால் ஒருவரும் இடறமாட்டார். தரப்படுத்தம் கருதி இதனை விலக்குவது தரப்படுத்தத்தின் நோக்கத்திற்கே மாறானது.

இதற்கு நேர்மாறாக இடறச் செய்வது 'க்ஷாரம்' என்னும் சொல். மலையாள வேளாண் வழக்கில் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகியவற்றை முறையே பாக்யஜனகம், பாவஹம், க்ஷாரம் என்பர். தமிழில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. 'க்ஷாரம்' தமிழில் 'காரம்' என வந்து, புளிப்புக்கு எதிரான காரத்தன்மையைக் குறிக்கிறது. 'மண்ணில் க்ஷாரம் குறைவு' என்னும் அறிக்கை வரி சாம்பல்சத்தின் குறைவையே சொல்கிறது. தமிழறிவு கொண்டு படிப்பவருக்கு அது 'காரம் குறைவு, எனவே புளிப்பு மிகுதி' எனப் பொருள்படும். முன்னதற்கு மருந்து பொட்டாஷ், பின்னதற்குச் சுண்ணாம்பு. ஒலியொற்றுமையை நம்பிப் பெயர்ப்பதால் நிலத்தில் இடும் பொருளே மாறிவிடும்.

சுண்ணாம்பைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். மலையாளத்தில் அது கும்மாயம். மணிமேகலையில் பயற்றோடு சேர்ந்து வரும் கும்மாயம் குழைய வேவித்த உணவாகும். செட்டிநாட்டில் இன்றும் அது உளுத்தமாவில் கிண்டும் இனிப்பின் பெயர். 'பயற்றுக்குக் கும்மாயம் இடுக' என்னும் கேரள அறிவுரையைக் காரைக்குடி வாசகர் ஒருவர் எவ்வாறு கொள்வார் என்பதை எண்ணிப் பார்க்கலாம். நெய்யாற்றின்கரைத் தமிழருக்கு அச்சிக்கல் இல்லை. அவர் வழக்கில் அது சுண்ணாம்பேயாகும்.

தமிழின் சத்துப் பெயர்கள் மூன்றும் பயனோ மூலமோ கருதி ஆக்கப்பட்டவை. தழையை வளர்ப்பது தழைச்சத்து. மணியை முற்றுவிப்பது மணிச்சத்து. சாம்பலில் இருப்பது சாம்பல்சத்து. எளிமையில் இவற்றை விஞ்சும் ஆக்கம் அரிது. எனினும் 'மணிச்சத்து' என்னும் பெயரே ஒரு பரிந்துரையாகவும் செயற்படுகிறது. மணிக்காகவே பயிரிடும் பயற்றுக்கு மணிச்சத்தை மேலும் இடுவது தகும் என்னும் கருத்தைச் சொல்லே தூண்டுகிறது. முன்னமே மிகுந்த புரையிடத்தில் அவ்வாறு இடுவது பூஞ்சைவேரை ஒடுக்கும். அறிக்கையில் 'மணிச்சத்து: மிகுதி' என்று மட்டும் மொழிபெயர்த்தால் அது நற்செய்தியாகவே படிக்கப்படும். 'இனி இட வேண்டா' என்னும் தொடரையும் சேர்த்தால்தான் மூலத்தின் கருத்து முழுமையாக வந்துசேரும்.

5. தொற்றும் நன்மையும்

இப்பூஞ்சை வேரினுள் செல்வதை முந்தைய ஆங்கில ஆய்வுரைகள் நோயைக் குறிக்கும் அதே சொல்லால் குறித்தன. பின்னர் ஆய்வாளர் அதனை விடுத்துக் 'குடியேறுதல்' என்னும் பொருளுடைய சொல்லுக்கு மாறினர். தமிழில் முந்தைய சொல் 'தொற்று' என ஆகிப் பாடநூல்களில் தங்கிவிட்டது. 'பூசணத் தொற்றிய வேர்' என்பதைப் படிக்கும் உழவர் அவ்வேரைப் பிடுங்கி எறிவதே முறை எனக் கருதுவார். அவரைக் குறைகூற இயலாது. 'வேரில் குடியேறிய', 'வேரோடு கூடிய' என்பன போதுமானவை.

பூசணம், பூஞ்சணம், பூஞ்சை ஆகியவை அன்றாட வழக்கில் சோற்றிலும் துணியிலும் படரும் கேட்டைக் குறிப்பன. மலையாளத்திலோ குமிள் என்பர். ஈழத்தமிழில் 'பங்கசு' என்று ஒலிபெயர்த்து வழங்குவதால் அங்கே இவ்வெதிர்மறைச் சாயல் குறைவு. அதற்கேற்பப் பொருட்புலப்பாடும் குறைவு. கடையில் 'பூசணக்கொல்லி'யும் 'வேர் உட்பூசணமும்' அடுத்தடுத்து விற்கப்படுகின்றன. கார்பென்டசிம் போன்ற மருந்துகள் நோய்ப்பூஞ்சையோடு இப்பூஞ்சையையும் ஒடுக்கும். விதைக்கு மருந்திட்டபின் 24 மணி நேரம் கழித்தே ரைசோபியம் கலக்க வேண்டும் என்னும் எச்சரிக்கை தமிழ்க் கையேடுகளில் வழக்கமாக உள்ளது. பூஞ்சைக்கும் அதுபோன்ற எச்சரிக்கை வேண்டும். இதனினும் அங்கே தேவை கூடுதல், ஏனெனில் கொல்லப்படுவதன் பெயரும் காக்கப்படுவதன் பெயரும் ஒன்றே.

இக்குழப்பத்தைப் போக்கவே 'நன்மை செய்யும் பூஞ்சை' என்னும் தொடர் எழுந்தது. இலக்கணநூலார் அடைமொழியை இனமுள்ளது, இனமில்லாதது எனப் பிரிப்பர். இத்தொடரின் அடை இனமுள்ளது. தீமை செய்யும் பூஞ்சைகளிலிருந்து இதனைப் பிரிக்கிறது. அவ்வளவில் பயனுடையதே. ஆனால் பெயரெச்சம், நன்மையை அப்பூஞ்சையின் நிலைத்த இயல்பாக்கிவிடுகிறது. ஏலாவில் நன்மை செய்வது புரையிடத்தில் செய்யாதிருக்கலாம் என்பதை அப்பெயரால் சொல்ல வழியில்லை. 1879-இல் 'சிம்பயோசிஸ்' என்னும் சொல்லை விளக்கி நூல் வெளியிட்ட டி பாரி, வேறினத்து உயிர்கள் சேர்ந்து வாழ்வதையே அதனால் குறித்தார். ஒட்டுண்ணி வாழ்வும் அவர் வரையறைக்குள் அடங்கும். தமிழின் 'கூட்டுயிர் வாழ்வு' அவ்விரிவைத் தாங்குகிறது. 'இணைநல வாழ்வு' போன்ற ஆக்கங்கள் தாங்குவதில்லை. நன்மையைப் பெயரில் ஏற்றாமல் பயனிலையில் வைப்பதே தக்கது: 'மணிச்சத்துக் குறைந்த மண்ணில் இப்பூஞ்சைவேர் பயற்றுக்கு நன்மை செய்யும்.' தொடர் சற்று நீள்வது உண்மையே. உரப்பையில் அதற்கு இடமுண்டு.

மற்றொரு சொல் 'வேர்முடிச்சு'. தமிழில் இது பாக்டீரியா வாழும் முண்டுக்கும் நூற்புழு தாக்கிய வீக்கத்துக்கும் ஒன்றாகவே வழங்குகிறது. 'வேர்முடிச்சு பாக்டீரியா' வரவேற்கத்தக்கது. 'வேர்முடிச்சு நூற்புழு' அழிக்கத்தக்கது. பயற்றுச் செடியைப் பிடுங்கிப் பார்ப்பவர் எதிரே இருப்பது எது? பாக்டீரியா முண்டு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் உதிரும். பிளந்தால், பணிசெய்யும் முண்டின் உட்புறம் செந்நிறமாக இருக்கும். நூற்புழு வீக்கம் வேரே பருத்ததாகும், உதிராது. எனவே முன்னதற்கு 'வேர்முண்டு', பின்னதற்கு 'வேர்வீக்கம்' என வேறுபடுத்துவது விரும்பத்தக்கது. பூஞ்சைவேரோ கண்ணுக்கு எதையும் காட்டுவதில்லை. வேரைக் காரக் கரைசலில் வேவித்து, நீலச்சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தாலன்றிச் சிறுமரங்கள் புலப்படா. இம்முறை 1970-இல் வகுக்கப்பட்டது. கண்ணால் காண இயலாததை உழவர் சொல்லை நம்பியே ஏற்க வேண்டியிருக்கிறது என்பதால், இங்கே சொற்பிழையின் விலை கூடுதல்.

6. எந்தப் பயறு?

இறுதியாகப் பயிரின் பெயர். 'நாட்டுப் பயறு' என்பதிலுள்ள 'நாட்டு' தாவரவியலாரின் பிறப்பிடக் கருத்துக்கு நிகரன்று. வன்பயறும் பந்தற்பயறும் ஆப்பிரிக்கப் பிறப்புடைய ஓரினத்தவை. எனினும் பல நூறாண்டுகளாக இம்மண்ணில் விளைந்து 'நாட்டு' எனவே வழங்குகின்றன. உளுந்தும் சிறுபயறும் காணமும் இந்தியாவிலேயே பயிராக்கப்பட்டவை. நரிப்பயறு இன்றும் தானே முளைத்துப் படர்வது. பூஞ்சை இவ்வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. இப்பூஞ்சைகள் ஒரே செடியினத்தைத் தேர்ந்து வாழ்வன அல்ல. 'உள்நாட்டுப் பயறுகளுக்குரிய பூஞ்சை' என்னும் மொழிபெயர்ப்பு இல்லாத ஓர் உரிமையை உண்டாக்கிவிடுகிறது.

தனிப்பெயர்களில் கவனம் இன்னும் வேண்டும். தமிழ்நாட்டுக் கையேட்டில் அடைமொழியின்றி வரும் 'பயறு' பாசிப்பயற்றைக் குறிக்கக்கூடும். மலையாளத்தில் 'பயர்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது வன்பயறும் அதன் கொடிவகையுமே. தமிழின் 'முதிரை' பருப்பினம் முழுவதையும் தழுவிய பழஞ்சொல். மலையாளத்தின் 'முதிர' கொள்ளு ஒன்றை மட்டுமே குறிக்கும். அதே கொள்ளு, குமரி மாவட்டத்திலும் திருநெல்வேலியிலும் காணம். ஒரு கிலோ விதைக்கு இவ்வளவு கலவை என அளவு கூறும் பக்கத்தில், 'முதிர' என்னும் மூலச்சொல்லை 'முதிரை' எனப் பெயர்த்தால் கொள்ளுக்குரிய அளவு எல்லாப் பருப்புக்கும் உரியதாகிவிடும். திருப்புறத்து வாசகருக்கு அங்கே எழுத வேண்டிய சொல் காணம், அடைப்புக்குறிக்குள் கொள்ளு.